மழலைப் பள்ளிக்குச் செல்லும் பாலகருக்கு ஏற்ற உடை



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் முஹல்லாக்களில் பல வீடுகளிலிருந்து மூன்று வயது நிரம்பிய, நிரம்பாத பாலகர்கள் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்திற்குப் புறப்படுகிறார்கள். அங்கன்வாடிக்குச் செல்வோரும் உண்டு. ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி. என்று தனியார் பள்ளிகளில் சேர்வோரும் உண்டு. அதற்கு முந்திய வாரங்களில் வீட்டில் நடக்கும் ஏற்பாடுகளில் பெரும் பங்கு உடைக்கே போய்விடுகிறது. சீருடை தைத்தாயிற்றா, ஷூ வாங்கியாயிற்றா, டை கிடைத்ததா என்று வீடே விசாரிக்கிறது. பிள்ளை எப்படித் தோன்றும் என்று எல்லோரும் பார்க்கிறோம். "இந்த உடையை நம் பிள்ளை தானாகவே அவிழ்க்குமா?" என்று கேட்பவர் மட்டும் மிகச் சிலர்.

அந்த ஒரு கேள்வியே இம்மாதப் பாடமாகும்.

இக்கேள்வி ஏன் முதன்மையானது?

வீட்டில் இருக்கும்போது குழந்தை "உம்மா, ஒண்ணுக்கு வருது" என்று சொன்னவுடன் உம்மா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வருகிறாள். உம்மா இல்லாவிட்டால் பெத்தும்மா இருக்கிறார். பள்ளியிலோ இருபது முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, ஓர் ஆயா. அவர்கள் எவ்வளவு அன்புடையவர்களாக இருந்தாலும் ஒரே நேரத்தில் நான்கு குழந்தைகளின் கால்சட்டையை அவிழ்த்துவிட இயலாது.

மூன்று வயதுக் குழந்தைக்குச் சிறுநீர் வரும் உணர்வு கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு அடக்கிக்கொள்ளும் ஆற்றலும் சிறிது நேரத்திற்குத்தான். அந்தச் சிறிது நேரத்தில் அது ஆசிரியையிடம் சொல்ல வேண்டும், கழிப்பறைக்கு நடக்க வேண்டும், உடையை இறக்க வேண்டும். இடுப்பில் இறுகிய நாடா முடிச்சோ, எஃகுக் கொக்கியோ, புதுத் துணியில் நுழையாத பொத்தானோ இருந்தால் என்ன ஆகும்? உடை நனைந்துவிடும். பக்கத்துக் குழந்தை சிரிக்கும். மறுநாள் காலையில் நம் பிள்ளை "வயிறு வலிக்குது, போகமாட்டேன்" என்று அழும்.

பள்ளிக்குப் போக மறுக்கும் எல்லாப் பிள்ளைகளின் அழுகைக்கும் இதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சில பிள்ளைகளின் அழுகைக்கு வேர் ஒரு பொத்தானில் இருக்கிறது. நாம் அதை அறியாமல் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். வேறு சில பிள்ளைகள் அழுவதும் இல்லை. காலை முழுவதும் சிறுநீரை அடக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடுகின்றன. தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று குடிநீர்க் குப்பியை நிறைவாகவே திருப்பிக் கொண்டுவருகின்றன. இவ்வாறு அடக்கி வைப்பதனால் நீர்க்கடுப்பும், சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்றும், மலச்சிக்கலும் ஏற்படும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை.

இதில் மார்க்கம் சார்ந்த பொறுப்பும் அடங்கியிருக்கிறது. தூய்மையும் நாணமும் ஈமானோடு சேர்ந்தவை என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுப்பது வாய். பழக்குவது உடை. தானே இறக்கி, தானே ஏற்றிக்கொள்ளக்கூடிய உடையை அணிந்த குழந்தை தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், பிறர் முன் நாணம் காக்கவும் வழி பெறுகிறது. அவ்வழியை அடைத்துவிட்டுப் பிறகு "இவ்வளவு பெரிய பிள்ளை நனைத்துக்கொண்டாயே" என்று கேட்பது நியாயமாகுமா?

பெருமானார் (ஸல்) அணிவித்த சிறு ஆடை

குழந்தையின் உடையைப் பற்றி நம் உள்ளத்தில் பதிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களின் மகள் உம்மு காலித் (ரலி) அபிசீனியாவில் பிறந்து, சிறு பிள்ளையாக மதீனா வந்து சேர்ந்தவர். பெருமானார் (ஸல்) அவர்களிடம் சில துணிகள் வந்தபோது அவற்றில் சிறிய கறுப்பு ஆடை ஒன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று நாயகம் கேட்க, கூடியிருந்தோர் பேசாதிருந்தனர். உம்மு காலிதை அழைத்து வரச் சொன்னார்கள். அந்தச் சிறுமி தூக்கிக் கொண்டுவரப்பட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அதை அவருக்கு அணிவித்தார்கள். அது நைந்து பழசாகும்வரை உடுத்துமாறு வாழ்த்தினார்கள். ஆடையில் இருந்த வண்ணக் குறிகளைச் சுட்டிக்காட்டி, அக்குழந்தை அபிசீனியாவில் கேட்டு வளர்ந்த மொழியிலேயே, அது அழகாயிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, குழந்தையின் உடை குழந்தையின் மகிழ்ச்சிக்கு உரியது. அதற்குப் புரியும் சொல்லில் அதைப் பாராட்ட வேண்டும். இரண்டு, வண்ணமும் அழகும் விலக்கப்பட்டவை அல்ல. மூன்று, உடை நைந்து போகும்வரை உடுத்தப்பட வேண்டியது. பெட்டியில் மடித்து வைக்கப்பட்டு, பிள்ளை வளர்ந்த பின் "இரண்டு தடவைதான் போட்டான்" என்று எடுத்துக் காட்டப்படும் உடை அதன் கடமையைச் செய்யவில்லை. மண்ணில் உட்கார்ந்து, வண்ணக் கட்டியைப் பூசி, சோற்றைச் சிந்தி, துவைத்துத் துவைத்து வெளிறிய உடையே பள்ளிக்கு உரிய உடை. அதில் கறை படுவதைக் குற்றமாக எண்ணாதீர்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

கடையிலோ தையற்காரரிடமோ உடையைக் குழந்தைக்கு அணிவித்துக் கீழ்க்கண்ட நான்கையும் செய்து பாருங்கள்.

1. குழந்தை குந்தி உட்காரட்டும். நம் ஊர்க் கழிப்பறைகள் பெரும்பாலும் குந்தி உட்காரும் அமைப்புடையவை. தொடையிலோ இடுப்பிலோ துணி இழுத்துப் பிடித்தால் அந்த உடை உதவாது.

2. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கட்டும். அக்குளில் பிடித்தால் அளவு குறைவு. வயிறு முழுதும் வெளியே தெரிந்தால் நீளம் குறைவு.

3. இரண்டு படிகள் ஏறி இறங்கட்டும். பாதத்தின்கீழ் துணி சிக்கினால் இடறி விழும்.

4. கால்சட்டையைத் தானே இறக்கித் தானே ஏற்றட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், உதவாதீர்கள். பலமுறை முயன்றும் முடியவில்லையானால் விலை எவ்வளவு மலிவாயிருப்பினும் அவ்வுடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடுப்பும் பொத்தானும்

இந்த வயதுக்கு இலாஸ்டிக் இடுப்பே சிறந்தது. விரல் நுழையும் அளவு தளர்ச்சி இருக்க வேண்டும். மாலையில் கழற்றும்போது இடுப்பில் சிவந்த தழும்பு தெரிந்தால் இலாஸ்டிக் இறுக்கம் என்று பொருள். தையற்காரரிடம் இலாஸ்டிக் செல்லும் மடிப்பின் உட்புறத்தில் சிறு வாய் விடச் சொன்னால், பிள்ளை வளர வளர இலாஸ்டிக்கை மாற்றிக்கொள்ளலாம். நாடா, பெல்ட், எஃகுக் கொக்கி, ஜிப் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜிப்பில் ஆண் குழந்தையின் மென்மையான தோல் சிக்கிக் காயம்படுவது உண்டு.

தோளில் பட்டையிட்டுப் பொத்தான் போடும் முழுக் கால்சட்டை பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கழிப்பறைக்குச் சென்றால் மேலிருந்து கீழ்வரை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அணிவிக்கும் நீண்ட ஜிப்பாவும் இப்படியே. குந்தி உட்காரும்போது பின்பகுதி ஈரத்தரையில் படிந்து நஜீஸாகிவிடும். இவ்விரண்டும் விருந்துக்கும் பெருநாளுக்கும் இருக்கட்டும்.

பெண் குழந்தைக்கு முழங்கால் அளவுள்ள கவுனும் உள்ளே இலாஸ்டிக் வைத்த தளர்ந்த கால்சட்டையும் போதும். கணுக்கால் வரை தொங்கும் பாவாடை கழிப்பறையில் நனைவதோடு ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் சிக்கும். கவுனின் முதுகில் பொத்தான் வரிசை வைப்பதும் வேண்டாம். முதுகுப் பொத்தானை எந்தக் குழந்தையாலும் போட இயலாது.

சட்டைக்குப் பொத்தான் வேண்டுமானால் பெரியதாக, மூன்று நான்கு மட்டும் இருக்கட்டும். பொத்தான் துளை ஒரு நூலளவு தாராளமாயிருக்கட்டும். பெரிய பொத்தானைப் போட மூன்று நான்கு வயதில் விரல்கள் மெல்லப் பழகும். ஷூக் கயிறு கட்டுவது பொதுவாக ஐந்து ஆறு வயதில்தான் கைவரும். கை வளராத வேலையைக் கேட்பது பிள்ளைக்குத் தோல்வியைப் பழக்குவதாகும்.

துணி எப்படி இருக்க வேண்டும்?

நம் நாட்டு வெப்பத்திற்குப் பருத்தியே பொருத்தம். அது வியர்வையை உறிஞ்சும், காற்றோட்டம் தரும். நைலான் வலை வைத்த கவுன், ஜரிகை, கழுத்தில் உரசும் மினுமினுப்பு வேலை ஆகியவற்றால் வியர்க்குருவும் அரிப்பும் உண்டாகும். அரிப்புடன் உட்கார்ந்திருக்கும் குழந்தை பாடத்தைக் கவனிக்காது. திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் தலை வழியே அணியும் சட்டைக்கு அது மிக ஏற்றது. கழுத்து அகலமாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டிக்கொண்டு கண் மறைந்தால் சிறு குழந்தை மிரண்டுவிடும்.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். ஆகவே தைக்கக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். ஆயத்த உடையாயிருந்தாலும் ஒருமுறை துவைத்த பின்பே அணிவியுங்கள். நெசவில் ஏற்றிய பசையும் மிகைச் சாயமும் நீங்கும், துணியும் மென்மையாகும். கழுத்துப் பின்னால் உறுத்தும் கடைச் சீட்டை நூல் பிரித்து எடுத்துவிடுங்கள்.

ஆண் குழந்தைக்குப் பட்டு அணிவிக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பருவமடைந்த ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் ஹராம் என்பது தெரிந்ததே. சிறுவர் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபின்படி அவற்றை அணிவிப்பது வெறுக்கத்தக்கது. ஷாஃபிஈ மத்ஹபில் பருவமடையாத சிறுவனுக்கு அணிவிக்கப் பொறுப்பாளருக்கு அனுமதி உண்டு என்பதே வலுவான சொல். எந்த மத்ஹபைப் பின்பற்றும் வீடாயிருப்பினும், களிமண் பிசையும் இடத்திற்குப் பட்டு தேவையில்லை என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது.

அளவும் எண்ணிக்கையும்

"வளரும் பிள்ளைதானே" என்று இரண்டு வயது கூடுதலான அளவில் வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சிக்கனம் நல்லதே. ஆனால் தோள் சரிந்து, கை மறைந்து, கால் இடறும் உடை அந்த ஆண்டு முழுவதும் பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும். சரியான அளவில் தைத்து, உள்தையலிலும் கீழ்மடிப்பிலும் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இதுதான் நம் பாட்டிமார் செய்த சிக்கனம்.

நாள்தோறும் துவைக்க இயலாத வீட்டுக்கு நான்கு உடுப்புப் போதும். தினம் துவைக்கும் வீட்டுக்கு மூன்றே போதும். உள்ளாடை மட்டும் ஏழெட்டு இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உலர நேரமாகும். அரை ஈரத்தோடு அணிவித்தால் தொடை இடுக்கில் புண்ணாகும். ஆகவே அந்த மாதங்களில் விரைவில் உலரும் மெல்லிய பருத்தியைப் பயன்படுத்துங்கள்.

மூத்த பிள்ளையின் உடையை இளைய பிள்ளைக்கு அணிவிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பலமுறை துவைத்த துணி உடலுக்கு இதமாயிருக்கும். உங்கள் பிள்ளைக்குச் சிறுத்துப்போன நல்ல உடைகளைக் கிழிசல் தைத்து, பொத்தான் சரிபார்த்து, இஸ்திரி போட்டு, தேவையுள்ளோருக்கு அந்தரங்கமாகக் கொடுங்கள். கொடுக்கும் உடை நம் பிள்ளைக்கே அணிவிக்கத் தகுந்ததாய் இருக்க வேண்டும்.

காலில் அணிவது

கயிறு கட்டும் ஷூவுக்குப் பதில், ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டையுள்ள ஷூவோ, குதிகாலில் பட்டையுள்ள செருப்போ வாங்குங்கள். பிள்ளையை நிற்கவைத்து அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். சிறு பிள்ளையின் பாதம் விரைந்து வளர்வதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். வலது ஷூவின் உட்புறத்தில் வண்ணப் புள்ளி ஒன்று இட்டு, "புள்ளி உள்ளது வலது" என்று சொல்லிக் கொடுங்கள். அணியும்போது வலது முதலில், கழற்றும்போது இடது முதலில் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அந்தச் சுன்னத்தைப் பழக்க இதைவிட எளிய வாய்ப்பு எது?

கயிறு, ஊக்கு, நகை

கழுத்தைச் சுற்றிக் கயிறு உள்ள எந்த உடையும் சிறு குழந்தைக்கு ஆகாது. சறுக்குமரத்திலோ கதவிலோ கயிறு மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். இவ்வாறு உயிர்கள் போனதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் 2004 ஆம் ஆண்டு குழந்தை உடைகளுக்கென ஒரு தர விதி வகுக்கப்பட்டது. ஏழு வயதுக்கு உட்பட்டோரின் உடையில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கழுத்துச் சங்கிலிக்கும், கழுத்தில் கட்டும் எந்தக் கயிற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. பள்ளிக்கு அனுப்பும்போது அவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். தங்க நகை அணிவித்து அனுப்புவது திருடனின் கண்ணைக் குழந்தையின் மீது இழுப்பதாகும்.

கைக்குட்டையை மார்பில் ஊக்கு குத்தி அனுப்பும் பழக்கமும் மாற வேண்டும். குழந்தைகள் ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போது ஊக்கு திறந்துகொள்ளும். கைக்குட்டையின் மூலையில் சிறு நாடாக் காது ஒன்று தைத்து, சட்டையின் பொத்தானில் மாட்டிவிடலாம். அல்லது சட்டைக்குப் பெரிய பை ஒன்று வைக்கலாம். தளர்ந்த பொத்தான், மணி, முத்து ஆகியவற்றைப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

தொப்பியும் முக்காடும்

ஏழு வயதில்தான் பிள்ளைகளைத் தொழுகைக்கு ஏவும்படி நாம் பணிக்கப்பட்டுள்ளோம். அதற்கு முந்திய பருவம் கட்டளையின் பருவம் அன்று, விருப்பத்தை வளர்க்கும் பருவம். மூன்று வயதுச் சிறுமிக்கு முக்காடு கடமையில்லை. அவள் உம்மாவைப் பார்த்து ஆசைப்பட்டால், முகத்துக்கு மட்டும் திறப்பு விட்டுத் தைத்த, தலைவழியே மாட்டும் மெல்லிய பருத்தி மக்கனாவைக் கொடுங்கள். ஊசி குத்தும் துப்பட்டா வேண்டாம். வெயிலில் விளையாடும்போது அவள் கழற்றிவிட்டால் கண்டிக்காதீர்கள். நெருக்குதலோடு சேர்ந்து நினைவில் நிற்கும் உடையைப் பிள்ளை பின்னாளில் விரும்புமா?

மாற்று உடைப் பை

எவ்வளவு பழக்கினாலும் முதல் மாதங்களில் நனைவது இயல்பு. எனவே பள்ளிப் பையில் ஒரு சட்டை அல்லது கவுன், ஒரு கால்சட்டை, இரண்டு உள்ளாடைகள், ஒரு சிறு துவாலை, ஈர உடையை இட்டுவர ஒரு நீர் புகாத பை ஆகியவற்றை வையுங்கள். அந்தப் பையை நீங்கள் மட்டும் அடுக்கினால் போதாது. பிள்ளையைக் கொண்டே அடுக்கச் செய்யுங்கள். "நனைந்தால் மிஸ்ஸிடம் சொல்லு, பையில் வேறு இருக்கிறது" என்று சொல்லுங்கள். நனைந்த உடையோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

பெயரை உடையின் உட்புறத்தில், கழுத்து மடிப்பில் நூலால் தைத்துவிடுங்கள். வெளியே பெரிதாக எழுதினால் வழியில் போகும் அந்நியரும் பெயர் சொல்லி அழைப்பார். பெயர் தெரிந்தவரைப் பிள்ளை நம்பிவிடும். முன்னாளில் சலவையாளர் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும். அதைக் குழந்தை உடையில் இடவே கூடாது.

உடை மாற்ற உதவுபவர் இன்னார்தான் என்பதையும் பள்ளியில் கேட்டு அறிந்து பிள்ளைக்குச் சொல்லுங்கள். "உம்மாவும், இந்த ஆயாவும் மட்டும். வேறு யார் உன் உடையை அவிழ்க்க வந்தாலும் சத்தம் போட்டு ஓடி வா" என்று அமைதியாகப் பலமுறை சொல்லிவையுங்கள். மிகச் சிறு குழந்தையின் அவ்ரத்துக்குப் பெரியவருக்குரிய சட்டம் இல்லை. ஆயினும் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி உடை மாற்றாமல் ஒரு மறைவில் மாற்றினால், நாணம் என்ற விதை அங்கேயே ஊன்றப்படுகிறது.

நனைந்து வந்த உடையைக் கழுவும் முறை

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். நஜீஸ் பட்டது தெரியாதவரை குழந்தையின் உடலும் உடையும் தூய்மையானவை என்றே கொள்ளப்படும் என்று உலமாக்கள் இதிலிருந்து எடுத்துரைத்தனர். ஆகவே பள்ளியிலிருந்து வந்து மடியில் ஏறும் பிள்ளையைச் சந்தேகத்தால் தள்ளிவிடாதீர்கள்.

சிறுநீர் பட்டது தெரிந்தால் கழுவ வேண்டும். இரண்டு வயது நிரம்பாத, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தால் போதும் என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் சலுகை, சோறு உண்ணும் பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தாது. அந்த உடையை மற்ற துணிகளோடு வாளியில் போட்டுவிடாதீர்கள். முதலில் தனியே எடுத்து, குழாயடியில் தண்ணீர் மேலிருந்து ஓடும்படி நன்றாகக் கழுவுங்கள். நிறமும் வாடையும் நீங்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கையாலோ இயந்திரத்திலோ துவைக்கலாம்.

வீட்டில் பத்து நாள் பயிற்சி

பள்ளி திறக்கப் பத்து நாட்களுக்கு முன்பே பள்ளி உடையை வீட்டில் அணிவித்துப் பழக்குங்கள். அணிவதைவிட அவிழ்ப்பது எளிது. ஆகவே அவிழ்ப்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு அணியப் பழக்கும்போது கடைசிப் படியைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். அதாவது, கால்சட்டையை நீங்கள் முழங்கால் வரை ஏற்றிவிட்டு, அதற்கு மேல் இழுத்துக்கொள்வதைப் பிள்ளை செய்யட்டும். இரண்டு நாள் கழித்துக் கணுக்கால் வரை மட்டும் நீங்கள் ஏற்றுங்கள். பின்னர் முழுவதையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் தானே என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கும்.

கால்சட்டையின் முன்பக்கம் தெரியச் சிறு பூ ஒன்று தைத்துவிடுங்கள். தாழ்ந்த முக்காலியில் உட்காரவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லச் செய்து, வலது காலை முதலில் நுழைக்கப் பழக்குங்கள். காலையில் அவசரம் இருக்கும். அதனால் இரவே உடையை எடுத்து வைத்து, காலையில் கால் மணி நேரம் முன்னதாகவே எழுப்புங்கள். அவசரத்தில் நாமே பிடித்து மாட்டிவிட்டால் முந்தின நாள் பயிற்சி வீணாகும்.

பள்ளி நிர்வாகத்திடம் பேசுங்கள்

சில பள்ளிகள் மூன்று வயதுப் பிள்ளைக்கும் டை, பெல்ட், கயிறு ஷூ என்று விதிக்கின்றன. பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறார்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியையைச் சந்தித்து, "நிறம் உங்கள் விருப்பம். இடுப்புக்கு இலாஸ்டிக் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். பெல்ட்டும் டையும் முதல் வகுப்பிலிருந்து இருக்கட்டும்" என்று மரியாதையோடு எடுத்துச் சொன்னால் கேட்கமாட்டார்களா? நனைந்த பிள்ளைகளைக் கழுவிவிடும் ஆயாவுக்கும் இது உதவியல்லவா? நம் சமுதாயத்தவர் நடத்தும் மழலைப் பள்ளிகளாவது இதில் முன்மாதிரியாக விளங்க வேண்டும்.

பாடச் சுருக்கம்

1. குழந்தை தானே இறக்கி ஏற்றக்கூடிய உடையே பள்ளிக்கு நல்ல உடை.
2. இலாஸ்டிக் இடுப்பு, பெரிய பொத்தான், பருத்தித் துணி, சரியான அளவு.
3. கழுத்தில் கயிறும், மார்பில் ஊக்கும், உடலில் தங்கமும் வேண்டாம்.
4. வெல்க்ரோ ஷூ. வலது முதலில் அணிதல், இடது முதலில் கழற்றல்.
5. பையில் மாற்று உடை, உடையின் உட்புறம் பெயர்.
6. நஜீஸ் பட்ட உடையைத் தனியே, ஓடும் தண்ணீரில் கழுவிய பின் துவைத்தல்.
7. பத்து நாள் பயிற்சி. நனைந்தால் கடிந்துகொள்ளாமை.

பெற்றோரே! முதல் நாள் பள்ளி வாசலில் நம் கையை விட்டு உள்ளே போகும் அந்தச் சின்னஞ்சிறு பிள்ளையோடு நம்மால் உள்ளே போக இயலாது. நாம் தேர்ந்தெடுத்த உடை மட்டும் அதனோடு உள்ளே போகிறது. அது அப்பிள்ளைக்குச் சுமையாக இல்லாமல் துணையாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தூய்மையையும் நாணத்தையும் பயனுள்ள கல்வியையும் அருள்வானாக! ஆமீன்.